பழைய மெசி ட்ரக்டர்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

வேலியோரம் நிற்கிற பழைய மெசி ஃபேர்கசனைக் காட்டி, "பற்றரி மட்டும் போட்டால் போதும், ஒரே அடியில ஸ்டார்ட் ஆகும்" என்று விற்கிறவர் சொன்னதும் பலருக்கு மனம் இளகிவிடுகிறது. எஞ்சின் ஓடினால் பாதி வேலை முடிந்தது என்பது கணக்கு. கணக்கு தலைகீழ். பழைய மெசியில் ஆகச் சுலபமாகத் திருத்தக்கூடிய சாமான் எஞ்சின்தான். ஓடுகிற எஞ்சினுக்குப் பின்னால் வெடித்த கியர்பொக்ஸ் கூடு, தண்ணீர் குடித்த டிஃபரன்ஷல், பெயர் மாற்ற முடியாத பதிவுப் புத்தகம் என்று மூன்றும் இருக்கலாம். எஞ்சின் இறுகிப்போய் அசையாத மெசின் ஒன்று, மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தால், அதைவிட எவ்வளவோ மேல்.

காரணம் உதிரிப்பாகம். 35, 135, 240 என்று நம்ம வட்டைகளில் உழுத மெசிகளில் இருப்பது பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் குடும்பம்: 91.4 மில்லிமீற்றர் போர், 127 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக், இரண்டரை லீற்றர். பேர்கின்ஸ் உரிமத்தில் எஞ்சின் செய்யத் தொடங்கிய சென்னை சிம்சன் கம்பனி, அங்கேயே ட்ரக்டர் செய்யும் டாஃபே, லாகூரில் 240ஐச் செய்த மில்லட் எல்லாம் இதே வழியில் வந்தவை. ஆகவே லைனர், பிஸ்டன், ரிங், பெயாரிங், கஸ்கட் செற், தண்ணீர் பம்ப், நொசில் எல்லாம் கடையில் கேட்டு வாங்கலாம். தட்டில் இல்லையென்றால் கொழும்பு பஸ்ஸில் அடுத்த நாள் வரும். கடையில் வராதவை வார்ப்புக் கூடுகள்: எஞ்சின் புளொக், கியர்பொக்ஸ் கூடு, டிஃபரன்ஷல் இருக்கும் நடுக்கூடு, பின் அச்சுக்குழல், மேல் லிஃப்ற் கவர், முன் அச்சைத் தாங்கும் வார்ப்பு. இவை இன்னொரு செத்த மெசினிலிருந்துதான் வர வேண்டும். பார்க்கப் போகிறவர் இந்த ஆறையும் முதலில் பார்க்க வேண்டும், சாவியைக் கடைசியில் கேட்க வேண்டும்.

மாடல்

பொனட்டைத் திறந்து இன்ஜெக்டர் குழாய்களை எண்ணுங்கள். 35இல் நான்கு குழாய் இருந்தால் அது 1959 வரை போட்ட ஸ்டான்டர்ட் 23சி எஞ்சின். சூட்டு நாட்டிலேயே ஸ்டார்ட் பண்ணக் கஷ்டப்படுத்துகிற சாதி அது. கொம்ப்ரஷன் கொஞ்சம் குறைந்தாலும் அடம்பிடிக்கும், சாமானும் தேட வேண்டும். காட்சிக்கு வைக்க ஆசையென்றால் எடுக்கலாம், வயலுக்கு வேண்டாம். மூன்று குழாய் உள்ள 35 எளிமையான, தாங்கக்கூடிய மெசின். 135 கொவென்ட்ரியில் 1964 கடைசியிலிருந்து பத்து வருஷத்துக்கு மேல் வந்தது. எங்கள் தெரிவு இதுதான். பழமையும் உண்டு, பாகமும் உண்டு, உழவும் உண்டு. 1979இல் வந்த 240ஐ 135இன் தம்பி என்று சொல்லலாம். திருத்த அதைவிடச் சுலபம், ஆனால் விற்கிறவருக்கும் அது தெரியும், விலையை இறக்க மாட்டார். 165 நான்கு சிலிண்டர். நல்ல பலம், ஆனால் கிளட்ச், டயர், பம்ப் ஒவ்வொன்றும் ஒரு படி கூட. பெரிய காணிக்காரர் தவிர மற்றவர்கள் யோசிக்க வேண்டும்.

135இல் சிலவற்றுக்கு மல்ட்டிபவர் உண்டு. டாஷில் ஹை, லோ என்று தனிச் சுவிட்ச் இருக்கும். ஓடிக்கொண்டே வேகம் மாற்றலாம் என்பது வசதி. லோவில் போட்டு இறக்கத்தில் விட்டால் எஞ்சின் மெசினைப் பிடிக்காது, சும்மா உருளும். நெல் மூடை ஏற்றிய பெட்டியோடு குளக்கட்டிலிருந்து இறங்குகிறவருக்கு இது உயிர் விஷயம். உள்ளே இருக்கிற அந்தக் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருந்தால் திருத்தவும் செலவு. ஒரே விலையில் இரண்டு 135 இருந்தால் மல்ட்டிபவர் இல்லாததை எடுங்கள்.

எங்கே நின்றது, என்ன வேலை செய்தது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் மெசின் எந்த மண்ணில் நின்றது என்பது அதன் வயதை விட முக்கியம். வெல்லாவெளி, மண்டூர், உன்னிச்சை, கல்லோயாக் குடியேற்றப் பக்கம் மாலுக்குள் நின்ற 1960களின் மெசின், கல்முனை–நிந்தவூர் கரையில் திறந்த வளவில் நின்ற பதினைந்து வயது இளையதை விட ஆரோக்கியமாக இருக்கும். உப்புக்காற்று முதலில் தின்பது தகரத்தை: மட்கார்ட், மிதிபலகை, பற்றரித் தட்டு, ரிம். அது கண்ணுக்குத் தெரியும். தெரியாதது அலுமினியம். டீசல் பம்பின் உடம்பு அலுமினியம். வெள்ளைப் பொடி பூத்து, போல்ட் இறுகி, கழற்றும்போது காது உடைந்து வரும்.

கரையோரத்து மெசினென்றால் 2004 டிசம்பர் 26 அன்று எங்கே நின்றது என்று கேட்டே ஆக வேண்டும். கடல்நீர் உள்ளே போன பின்பக்கம் அன்றே கழுவி ஒயில் மாற்றப்படாமல் இருந்தால், பெயாரிங் உருளைகளிலும் கியர்ப் பற்களிலும் குழி விழுந்திருக்கும். புதுப் பெயின்ற் அதை மறைக்கும். 2011 ஜனவரி, பெப்ரவரி வெள்ளத்தில் நின்றவற்றுக்கும் இதே கேள்வி, ஆனால் ஆற்று வெள்ளம் உப்பளவுக்குக் கொடுமையில்லை. சேறு வடித்து, கழுவி, ஒயில் மாற்றியிருந்தால் பிழைத்திருக்கும்.

வேலையும் தடம் விடும். சேற்று உழவுக்கு இரும்புக் கூட்டுச்சில்லு போட்டு வருடக்கணக்காக ஓடிய மெசினில் பாரம் அச்சின் வெளி நுனியில் தொங்கும். பின் அச்சுப் பெயாரிங், ஒயில் சீல், அச்சுக்குழலை நடுக்கூட்டோடு சேர்க்கும் போல்ட் வரிசை எல்லாம் அதன் கூலியைக் கொடுத்திருக்கும். சேற்றுநீர் முன் சில்லு ஹப்புக்குள்ளும் போயிருக்கும். களத்தில் நெற்சூடு மிதிக்க ஓடிய பழைய மெசின்கள் மணிக்கணக்கில் ஒரே பக்கமாக வட்டம் சுற்றியவை. அவற்றில் டிஃபரன்ஷலின் சின்னப் பினியன்களும் ஒரு பக்கக் கிங் பின்னும் மற்றப் பக்கத்தை விட அதிகம் தேய்ந்திருந்தால் அதிசயமில்லை. ஹிங்குரானைப் பக்கம் கரும்புப் பெட்டி இழுத்ததும், ஆற்று மணல் ஏற்றியதும் பிரேக்கையும் கிளட்ச்சையும் கொக்கி மாட்டும் இடத்தையும் தின்றிருக்கும். எங்கள் பட்டியலில் கடைசி இடம் மணல் மெசினுக்கு.

புத்தகம்

சீ.ஆர். என்கிற பதிவுப் புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் மெசினில் உள்ளவற்றோடு நீங்களே நின்று ஒப்பிடுங்கள். டாஷ் பக்கத்துத் தகட்டில் ரிவெற் புதிதாக, தகடு பழையதாக இருந்தால் அந்தத் தகடு இன்னொரு மெசினிலிருந்து வந்திருக்கலாம். எஞ்சின் நம்பர் புளொக்கில் கொத்தியிருக்கும். ஒயிலும் சேறும் அப்பியிருக்கும், கம்பித் தூரிகையால் தேய்த்து வாசியுங்கள். எஞ்சின் மாற்றியது குற்றமில்லை, மாற்றியதைப் பதியாதது தலையிடி. புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் உரிமையாளராக நின்றால் விடுவிப்புக் கடிதம் கையில் வரும்வரை காசு கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றாமல் ஓபன் பேப்பரில் நான்கு கை மாறி வந்ததென்றால், பதிவில் உள்ள முதல் ஆளைத் தேடிப் பிடிக்க முடியுமா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். அவர் இறந்திருந்தால் வாரிசுகளின் கையெழுத்து வரை போக வேண்டும். புத்தகமே இல்லாத மெசினுக்கு ஒரே விலைதான்: உதிரிப்பாக விலை.

வார்ப்பில் வெடிப்புத் தேடுதல்

இதற்குக் கொண்டுபோக வேண்டியவை: அரை லீற்றர் மண்ணெண்ணெய், கம்பித் தூரிகை, பழந்துணி, வெள்ளைச் சோக்கு. சந்தேகமான இடத்தைச் சுரண்டி, மண்ணெண்ணெய் பூசிப் பத்து நிமிஷம் விட்டு, நன்றாகத் துடைத்து, சோக்கை அழுத்திப் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் திரும்பி ஊறி, வெள்ளையில் மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும்.

முதலாவது இடம் முன் அச்சு ஊசலாடும் பின்னைத் தாங்கும் வார்ப்பு. வரப்பில் ஏறி இறங்கின ஒவ்வொரு அடியும் அங்கேதான் விழுந்தது. இரண்டாவது, எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் விளிம்பு. மெசிக்குத் தனிச் சட்டம் கிடையாது, எஞ்சினும் கியர்பொக்ஸும் நடுக்கூடும்தான் முதுகெலும்பு. முன்னுக்கு லோடர் பூட்டியிருந்த மெசினென்றால் இந்த விளிம்பையும் போல்ட் துளைகளையும் இரண்டு தடவை பாருங்கள். மூன்றாவது, அச்சுக்குழல் நடுக்கூட்டில் பூட்டும் வட்டம். அங்கே நட் ஓரங்களில் ஒயில் கசிந்து தூசு ஒட்டியிருந்தால் போல்ட் தளர்ந்து ஓடியிருக்கிறது. நாலாவது, லிஃப்ற் கவரில் மேல்கை பூட்டும் இடம். நீளமான பித்தளை வெல்டிங் எங்கே கண்டாலும், அது நிற்குமா என்று வெல்டிங் பாஸிடம் கேட்காதீர்கள். அது ஏன் உடைந்தது என்று கேளுங்கள். சின்னக் காதை ஒட்டியது பரவாயில்லை. பாரம் தாங்கும் விளிம்பில் ஒட்டியது மறுபடி போகும்.

புளொக்கில் வெடிப்பு வேறு வழியில் வரும். பனி நாட்டில் உள்ளே தண்ணீர் உறைந்து வெடிக்கும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்கே றேடியேற்றர் வறண்டு கொதித்த எஞ்சினில் உடனே வாய்க்கால் தண்ணீரை ஊற்றித்தான் வெடிக்கிறது, பெரும்பாலும் ஹெட்டில், வால்வுகளுக்கு நடுவில். தெர்மோஸ்டாற்றைக் கழற்றி எறிந்திருப்பதும், றேடியேற்றர் மூடிக்குப் பதில் துணி அடைத்திருப்பதும் கொதித்த சரித்திரத்தின் சாட்சி.

பின்பக்கத்துத் தண்ணீர்

மெசின் ஒரு இரவாவது அசையாமல் நின்றிருக்க வேண்டும். அடியில் உள்ள ட்ரெயின் பிளக்கை முழுதாகக் கழற்றாமல் இரண்டு சுற்று மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் கனம், ஆகவே அதுதான் முதலில் வரும். சில துளி வந்து ஒயில் தொடங்கினால் பழைய மெசினுக்கு அது சாதாரணம். கியர் லிவர் ரப்பர் கிழிந்து மழை இறங்கியிருக்கும். ஒரு கோப்பை தெளிந்த தண்ணீர் வந்தால் விலையை இறக்கலாம். பாலும் தேத்தண்ணியும் கலந்த நிறத்தில் கெட்டியாக வந்தால், அந்தத் தண்ணீரோடு ஓடியிருக்கிறார்கள். கியர்பொக்ஸ் மேல் மூடியைக் கழற்ற அனுமதி கேளுங்கள். பற்களில் பழுப்புக் கறை துடைத்தால் போகும். நகத்தில் தடக்கும் குழி போகாது.

கியர்பொக்ஸும் பின்பக்கமும் ஹைட்ரோலிக்கும் ஒரே ஒயிலில்தான் ஓடுகின்றன, 30 லீற்றருக்குக் குறையாது. அந்த ஒயில் செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கழுவுவதற்கு ஒரு தடவை, நிரந்தரமாக ஒரு தடவை என்று இரண்டு தடவை ஊற்ற வேண்டிவரும். கழுவ டீசல் கலந்த மலிவு ஒயில் போதும், ஆனால் அதை ஊற்றிப் பாரம் இழுக்கக் கூடாது.

ஹைட்ரோலிக் பம்ப் நடுக்கூட்டுக்குள், பிற்றிஓ தண்டில் (பின்னால் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) ஓடுகிறது. பிற்றிஓ லிவர் ஓஃப் என்றால் பம்பும் ஓஃப். "லிஃப்ற் செத்துப்போச்சு" என்று மலிவாக விற்கும் மெசினில் முதலில் அந்த லிவரைப் போட்டுப் பாருங்கள். இது பகிடியில்லை. பிறகு ஒன்பது கொத்துக் கலப்பையைப் பூட்டித் தூக்கி, எஞ்சினை நிறுத்துங்கள். சில நிமிஷம் நிற்க வேண்டும். கண் முன்னே இறங்கினால் லிஃப்ற் சிலிண்டரின் ரிங்குகள் போயிருக்கின்றன. எஞ்சின் ஓடும்போது தூக்கிய கலப்பை தலையாட்டிக்கொண்டே இருந்தாலும் உள்ளே எங்கோ கசிகிறது, பம்ப் விடாமல் ஈடுகட்டுகிறது. முடுக்கினால் மட்டும் தூக்கும் என்றால் பம்பின் வால்வுகள் தேய்ந்தவை, அல்லது ஒயில் குறைவு. சிலிண்டர் ரிங் மாற்ற லிஃப்ற் கவரைக் கழற்றினால் போதும். கவர் கனம், சங்கிலிக் கப்பி இல்லாமல் கை வைக்கக் கூடாது. பம்பை எடுக்க அதோடு பிற்றிஓ தண்டையும் இழுக்க வேண்டும். இந்த இரண்டு வேலையும் செய்யலாம், பாகமும் உண்டு. ஆகவே ஹைட்ரோலிக் கோளாறு மட்டுமே உள்ள மெசின் நல்ல பேரம்.

இறுகிய எஞ்சின்

மூன்று வகை இறுக்கம் உண்டு. மழைநீர் புகைக்குழாய் வழியே இறங்கி, திறந்திருந்த வால்வுக்குக் கீழே ஒரு லைனர் துருப்பிடித்தது மிகச் சாதாரணம். அடுத்தது, ஒயில் இல்லாமல் ஓடிப் பெயாரிங் பிடித்தது. மூன்றாவது, கனெக்டிங் ரொட் உடைந்து புளொக்கில் ஓட்டை போட்டது. மூன்றாவதை வெளியிலிருந்தே காணலாம், ஸ்டார்ட்டர் பக்கமும் பம்ப் பக்கமும் புளொக்கைத் தடவிப் பாருங்கள். ஓட்டையென்றால் வீடு திரும்பலாம்.

துரு இறுக்கமென்றால் மூன்று இன்ஜெக்டரையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலும் ஓட்டமற்றிக் கியர் ஒயிலும் (ஏ.ரி.எஃப்.) சரிபாதி கலந்து ஒரு கோப்பை ஊற்றி, ஒரு வாரம் ஊறவிடுங்கள். இடையில் மேலும் ஊற்றுங்கள். பிறகு ஸ்டார்ட்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஃப்ளைவீல் பல்லில் நெம்பி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு நூல் அசைந்தால் போதும், மறுகா தானாக வரும். இன்னொரு மெசினில் கட்டி இழுத்து உடைக்கப் பார்ப்பதுதான் பெரிய முட்டாள்தனம். ரிங் உடையும், ரொட் வளையும், நல்ல கிளட்ச்சும் போகும்.

அசைந்தாலும் ஹெட்டைக் கழற்றாமல் ஓடவிட வேண்டாம். துருப்பிடித்த லைனர் குழி விழுந்திருக்கும். லைனர்கள் உலர் வகை, அழுத்திக் கழற்றி அழுத்திப் போடுபவை. லேத்துக்குப் புளொக்கைக் கொடுக்கும்போது பிஸ்டன் செற்றையும் கையோடு கொடுங்கள். சில லைனர் முடிக்கப்பட்ட அளவில் வரும், சில போட்ட பிறகு போர் பண்ண வேண்டும். பிஸ்டனை அளக்காமல் போர் பண்ணுகிற லேத்தில் கொடுக்க வேண்டாம்.

ஓடுகிற எஞ்சினென்றால் சூடாகும்வரை ஓடவிட்டுப் பாருங்கள். எஞ்சின் மூச்சுவிடும் பிறிதர் குழாயிலிருந்து விடாமல் புகை தள்ளினால் ரிங். வேலை வேகத்தில் ஒயில் அழுத்தம் சூட்டில் 30 பீ.எஸ்.ஐக்குக் கீழே விழுந்தால் பெயாரிங்கோ ஒயில் பம்போ. மானி வேலை செய்யாவிட்டால் சோதனை மானி ஒன்றைக் கொண்டுபோய்ப் பூட்டுங்கள், பெரிய விலையில்லை. கிராங்கை 10, 20, 30 தௌ அண்டர், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு குறையும்வரை, அரைக்கலாம். ஏற்கனவே 30இல் நிற்கிறதா என்பது அடியில் உள்ள ஒயில் சம்பைக் கழற்றிப் பெயாரிங் முதுகில் உள்ள எழுத்தைப் பார்த்தால் தெரியும். 30 என்றால் அடுத்த தடவை வேறு கிராங்க். ஒயில் மட்டம் குறியை விட ஏறி, டீசல் வாடை வந்தால் பயப்படத் தேவையில்லை. டாங்கியிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ற் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கும், அல்லது டீசல் பம்பின் தண்டு சீல் போயிருக்கும். ஆனால் அந்த ஐதான ஒயிலில் எவ்வளவு காலம் ஓடியது என்பதே பெயாரிங்கின் விதி. சீ.ஏ.வி. கம்பனியின் சுழல் டீசல் பம்பை வீட்டில் பிரிக்க வேண்டாம். பெஞ்ச் உள்ள பம்புக் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

மற்றவை

கியர் ஒவ்வொன்றிலும் ஓட்டி, முடுக்கி, திடீரென்று கையெடுங்கள். கியர் தானாகத் தள்ளினால் பல்லோ செலக்டரோ தேய்வு. ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லையென்றால் ஹை–லோ லிவரை எஸ் எழுத்தில் வையுங்கள். அந்த இடத்தில் மட்டும்தான் சுற்றும். அதைத் தெரியாமல் சோலனொய்ட்டில் திருகாணி வைத்து நேரே ஸ்டார்ட் பண்ணிப் பழகிய மெசின்கள் உண்டு. கியரில் நின்றால் ஆள்மேல் ஏறும்.

இரட்டைக் கிளட்ச்சில் பாதி அமுக்கினால் வண்டி நிற்க வேண்டும், முழுதும் அமுக்கினால் பிற்றிஓவும் நிற்க வேண்டும். கிளட்ச்சை மூடும் கூட்டின் (பெல் ஹவுசிங்) அடித்துளையில் ஒயில் சொட்டினால் கிராங்கின் பின் சீல், கயிற்று வகை. அதை மாற்ற மெசினை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் முன் முன் அச்சுக்கும் வார்ப்புக்கும் நடுவில் இரண்டு பக்கமும் பாலை மர ஆப்பு இறுக்க மறக்கக் கூடாது. முன் அச்சு ஊசலாடுவது. ஆப்பில்லாமல் பிரித்தால் எஞ்சின் பக்கம் சரிந்து விழும். இது கால் போகிற விஷயம்.

முன் பக்கத்தில் ஜாக்கி வைத்துச் சில்லைப் பிடித்து ஆட்டுங்கள். கிங் பின், புஷ், நடுப்பின் எல்லாம் தேய்ந்தாலும் விலையைக் குறைக்க மட்டும் பயன்படுத்துங்கள், வேண்டாமென்று சொல்ல வேண்டாம். அவை லேத்தில் செய்யலாம். ஸ்டியரிங் பெட்டியின் உள்ளே போயிருந்தால் கொஞ்சம் செலவு. பின் டயரின் உட்பக்கம் ஒயில் வழிந்திருந்தால் அச்சு சீல் போய், பிரேக் லைனிங்கும் நனைந்திருக்கும். நனைந்த லைனிங்கைப் பெற்றோலில் கழுவிப் போடுவது ஏமாற்று, சூடானதும் மறுபடி ஒயில் கக்கும்.

டயர்தான் கணக்கைக் கெடுக்கும். பின்னுக்கு 12.4–28, பழைய எழுத்தில் 11–28, முன்னுக்கு 6.00–16. நான்கும் புதிதாக வாங்கும் காசு எஞ்சின் பிரித்துக் கட்டும் காசோடு போட்டி போடும். ஆகவே நல்ல பின் டயரோடு நிற்கும் செத்த எஞ்சின் மெசின், வெடித்த டயரோடு ஓடும் மெசினை விட மலிவாக முடியலாம். டயருக்குள் தண்ணீர் நிரப்பியிருந்தால் வால்வைச் சுற்றி ரிம் உள்ளிருந்து துருத் தின்றிருக்கும், சுத்தியலால் தட்டிச் சத்தத்தைக் கேளுங்கள்.

எடுத்த பிறகு

முதலில் பிரேக், பிறகுதான் எஞ்சின். நிறுத்த முடியாத மெசினை ஓட்டிப் பார்க்க ஆசைப்படக் கூடாது. நீண்ட காலம் நின்ற எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது ஸ்டொப் கேபிளை இழுத்து வைத்து, மானியில் ஒயில் அழுத்தம் காட்டும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள், ஒரு தடவைக்குப் பத்துச் செக்கனுக்கு மேல் வேண்டாம். காற்று எடுப்பது வரிசைப்படி: ஃபில்டர், பிறகு பம்பின் இரண்டு காற்று ஸ்க்ரூ, கடைசியில் இன்ஜெக்டர் குழாய் நட். பம்பின் வால்வு இறுகி எஞ்சின் கட்டுக்கடங்காமல் முடுகினால் காற்றுக்குழாயை அடைக்க ஒரு பலகைத் துண்டு கையில் இருக்கட்டும். கையால் அடைக்க வேண்டாம். வால்வு டெப்பெற் இடைவெளி குளிரில் 12 தௌ, அதாவது 0.30 மில்லிமீற்றர். புதிதாகக் கட்டிய எஞ்சினை ஐட்லிங்கில் மணிக்கணக்காக விட்டு "ரன்னிங் இன்" பண்ணுவது நம்ம ஊர்ப் பழக்கம். அதில் லைனர் கண்ணாடியாகி ஒயில் குடிக்கும். மெல்லிய பாரத்தில் ஓட்டுங்கள், சூடாகி ஆறிய பின் ஹெட்டை மறுபடி இறுக்கி டெப்பெற்றைப் பாருங்கள்.

பெரும்போகத்துக்கு உழ வேண்டுமென்றால் மெசினைச் சிறுபோக அறுவடைக்கு முன்பே பிரித்திருக்க வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு எந்த லேத்தும் உங்களுக்கு நேரம் தராது.

புத்தகமில்லாத, அல்லது புளொக் ஓட்டையான இன்னொரு 135 மலிவாக வந்தால் அதையும் சேர்த்து எடுத்துப் போடுங்கள். பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கும் முன் அதிலிருந்து கழற்ற வேண்டியவை: லிஃப்ற் கவர் முழுதாக, முன் அச்சு வார்ப்பு, இரண்டு அச்சுக்குழல், கியர்பொக்ஸ் மேல் மூடி செலக்டரோடு, ஸ்டியரிங் பெட்டி, பொனட் கீல், மேல்கை, கீழ்க்கைகள், அதோடு எல்லா அங்குலப் புரி போல்ட்களும் ஒரு ரின்னில். கடையில் கிடைக்கும் மெற்றிக் போல்ட்டை அந்தத் துளைகளில் இறுக்கினால் வார்ப்பின் புரி நிரந்தரமாகப் போய்விடும்.